செங்கல் ஆகிப்போன ரோஜா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பின் நிறத் தேர்வு பக்கத்தில், சிவப்பு வரும் இடங்களில் எல்லாம் அடர் ரோஜா சிவப்பைத் தயங்காமல் வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ‘எல்லாம்’ என்ற சொல்தான் எங்களுக்கு உறுத்துகிறது. மாதிரிக்காக அதே பக்கத்தில் அச்சான கட்டத்தைப் பாருங்கள். ரோஜாவாக வந்திருக்க வேண்டியது, நன்றாக வெந்த செங்கல் நிறத்தில் வந்திருக்கிறது. அச்சகத்தாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணினி கொடுத்த எண்களை நம்பினால் யாருக்கும் இப்படித்தான் வரும். ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை அச்சிலும் திரையிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் சொல்ல நினைக்கிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதல் சிக்கல் பெயரில். தமிழில் ரோஸ் என்றாலே இளஞ்சிவப்பு. ‘கொஞ்சம் அடர்த்தியான ரோஸ்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் ஒருவர் ராணி கலரைக் கொண்டுவருவார், ஒருவர் மெரூனை, இன்னொருவர் அரக்கை. மூவர் மேலும் தப்பில்லை. ஆகவே வேலை தொடங்கும்போதே பெயரை விட்டுவிட்டு எண்ணுக்குப் போய்விடுவது நல்லது. திரையில் 0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு 194, பச்சை 30, நீலம் 86 என்பதை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். நிறவட்டத்தில் இது 340 பாகை. அதாவது சுத்தச் சிவப்புக்கு 20 பாகை இப்புறம், ஊதாவைப் பார்த்து நிற்கிறது.

மூன்று எண்களில் கண் வைக்க வேண்டியது நீலத்தின் மேல். பச்சை எண் மிகக் குறைவாக இருந்து, சிவப்பு எண்ணில் 35 முதல் 50 சதவீதம் வரை நீலம் இருந்தால் கண்ணுக்கு ரோஜா தெரியும். மேலே சொன்ன கலவையில் அது 44 சதவீதம். வலைப்பக்கங்களில் கிரிம்சன் என்ற பெயரில் கிடைக்கும் நிறம் 220, 20, 60. நீலம் 27 சதவீதம்தான் என்பதால் அது சிவப்போடுதான் சேரும். நிறங்களுக்கு எண் கொடுத்து வரையறுக்கும் பேன்டோன் நிறுவனம் 2023-ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த விவா மெஜந்தாவின் எண்கள் 187, 38, 73. பெயரில் மெஜந்தா இருந்தாலும் 39 சதவீதம் நீலத்தோடு ரோஜாக் குடும்பத்தில்தான் அது உட்கார்கிறது. இது கைக்கணக்கு, சட்டம் இல்லை. ஆனாலும் கூட்டத்தில் ‘இது ரோஜாவா, மெரூனா’ என்ற வாக்குவாதத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவைக்கும்.

மஞ்சள் சற்றுக் கூடினால் செங்கல், குறைந்தால் ராணி. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான வரப்பின் மேல் நிற்கிற நிறம் இது. தாள், மை, விளக்கு, வெயில், திரை ஒவ்வொன்றும் அதை ஏதோ ஒரு பக்கம் தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரிந்துகொண்டு, முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் போதும். மற்றபடி பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

தங்கள் பக்கத்தில் வந்த கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 194, 30, 86 என்பதை நிற விவரக்கோப்பு (குறிப்பிட்ட தாளில் மை எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) இல்லாமல் வெறும் வாய்பாட்டில் போட்டு நான்கு அச்சு மைகளுக்கு மாற்றினால் சயான் (பச்சை கலந்த நீலம்) 0, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 85, மஞ்சள் 56, கறுப்பு 24 சதவீதம் என்று வரும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நியாயமான எண்கள்தான். நியூஸ்பிரிண்ட் என்ற செய்தித்தாள் காகிதத்தில் ஏறியதும் கதை மாறிவிடும். பூச்சு இல்லாத அந்தத் தாள் மையை உறிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் பரவும். அச்சகத்தில் டாட் கெயின் என்பார்கள். செய்தித்தாள் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647 தரத்தின் மூன்றாம் பகுதி, 50 சதவீதப் புள்ளிக்கு 26 சதவீத விரிவை இயல்பானதாகவே எடுத்துக்கொள்கிறது. அதாவது 50 என்று பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், இருப்பது தாளில் 76 ஆக நிற்கும். இந்தக் கணக்கில் மஞ்சள் 56 என்பது 80-ஐத் தாண்டிவிடும். கறுப்பு 24 என்பது 40-ஐ எட்டிப் பார்க்கும். மெஜந்தாவுக்கு மட்டும் வளர இடமில்லை. 85-இலிருந்து அதிகபட்சம் 100 வரைதானே போக முடியும்? ரோஜாவுக்கு வேண்டிய மை நின்ற இடத்தில் நிற்க, வேண்டாத இரண்டும் வீங்கிவிடுகின்றன. மஞ்சள் வீங்கியதால் செங்கல், கறுப்பு வீங்கியதால் அழுக்கு. பல பத்திரிகைகளில் இந்நிறம் ஒரே மாதிரிக் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து, மெஜந்தாவை முதலிலேயே 100 ஆக்கிவிடுவது. பிறகு அது பரவினாலும் பரவாவிட்டாலும் ஒன்றுதான். மஞ்சளை 20 அல்லது 25-இல் நிறுத்துங்கள். தாளே சற்று மஞ்சளாக இருப்பதால் பாக்கியை அது பார்த்துக்கொள்ளும். ஆழத்துக்குக் கறுப்பு 10, அதற்குமேல் வேண்டாம். சயான் சேர்க்கவே வேண்டாம். பரவினால் நிறம் பழுப்பாகிவிடும். இவ்வளவு செய்தும் நியூஸ்பிரிண்டில் உண்மையான அடர்த்தி கிடைக்காது என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. நிறத்தை அளக்கும் லேப் முறையில் (0 கறுப்பு, 100 வெள்ளை) இந்த ரோஜாவின் வெளிச்ச எண் ஏறத்தாழ 43. செய்தித்தாளில் முழு மெஜந்தா தருவது 54. நிறச்செறிவும் பளபளப்புத் தாளில் கிடைப்பதைவிட வெகுவாகக் குறைவு. அடர்த்தி வேண்டும் என்று மெஷினில் மையைத் திறந்துவிட்டால் தாளைப் புரட்டுகிறவரின் விரல்தான் ரோஜாவாகும். உறிஞ்சப்பட்டே உலரும் இந்த மை முழுதாகக் காய்வதில்லை.

பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் நிலைமை வேறு. அங்கே சயான் 15, மெஜந்தா 100, மஞ்சள் 40, கறுப்பு 0 என்று தொடங்கி, மஞ்சளை ஐந்து ஐந்தாகக் கூட்டியும் குறைத்தும் ஒரே தாளில் ஏழெட்டுக் கட்டங்கள் சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள். ஆழத்துக்குக் கறுப்பைவிடச் சிறிதளவு சயான் மேல். கறுப்புப் புள்ளி மென்சாயல்களில் மிளகுத்தூள் தூவியதுபோல் துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் சயான் கூடக்கூட நிறம் மங்கும். 20-ஐத் தாண்டினால் பழுத்த நாவல் நிறத்துக்குப் போய்விடும். ஈரத்தில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். மை காய்ந்ததும் அடர்த்தி ஒரு படி இறங்கும். பளபளப்பு லேமினேஷன் போட்டால் ஆழம் கூடும். மேட் லேமினேஷன் போட்டால் வெளிறும், நகக்கீறலும் விரல்ரேகையும் அப்படியே தெரியும். ஆக, புரூஃப் எனும் சோதனை அச்சைப் பார்ப்பது லேமினேஷன் போட்ட துண்டின் மேல்தான் இருக்க வேண்டும். பார்க்கிற விளக்கு 5000 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான வெள்ளை. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சரி என்று சொல்லிவிட்டுக் காலையில் வருந்துவது இத்தொழிலில் பழைய கதை.

நிறுவன அடையாளத்துக்கான நிறம், ஆண்டுதோறும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் நான்கு மைக் கலவையோடு மல்லுக்கட்டாமல் தனி மையாக, ஸ்பாட் கலராகப் போட்டுவிடுங்கள். ரூபைன் சிவப்பை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் இந்நிறத்துக்கு நெருக்கமானவை. அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே எண்ணுள்ள பேன்டோன் மை பூச்சுள்ள தாளில் ஒரு நிறம், பூச்சில்லாத தாளில் வேறு நிறம். விசிறிபோல் விரியும் பேன்டோன் மாதிரிப் புத்தகத்தில் இரண்டும் தனித்தனியாக இருப்பது அழகுக்காக இல்லை. ஏற்கலாமா தள்ளலாமா என்பதை நிறமானி வைத்து, இரண்டு நிறங்களின் வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லும் டெல்டா-இ 2000 கணக்கில் 2-க்குள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிறகு சண்டை வராது.

இனி எழுத்து. ரோஜாத் தளத்தில் வெள்ளை எழுத்து, அதாவது ரிவர்ஸ், பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் வெள்ளை எழுத்து என்பது மையில்லாத இடம். சுற்றியுள்ள மை பரவும்போது அது சுருங்கும். ஆங்கில எழுத்துக்கு வராத ஆபத்து தமிழ் எழுத்துக்கு இங்கே வருகிறது: புள்ளி மூடிப்போகும். ‘மலர்’ என்று அடித்தது ‘மலர’ என்று வந்து நிற்கும். ண, ஞ, ஷ போன்றவற்றின் சுழிகளும் அடைபடும். இரண்டு மூன்று மைகள் சேர்ந்த தளத்தில் பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஒரு பக்கம் மஞ்சள் விளிம்பும் மறுபக்கம் ஊதா விளிம்பும் எட்டிப் பார்க்கும். ஆகவே நியூஸ்பிரிண்டில் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவுக்குக் கீழே ரிவர்ஸ் வேண்டாம். ஆர்ட் பேப்பரில் தடித்த எழுத்தாக 8 புள்ளி வரை போகலாம். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது புள்ளி பெரிதாகவும், தடிமனும் மெலிவும் அதிகம் மாறாமலும் இருப்பதை எடுங்கள். வெள்ளைத் தாளில் ரோஜா நிற எழுத்து வேண்டுமென்றால் தலைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்திப் பத்தியாக அந்நிறத்தில் ஓடவிட்ட கட்டுரையை யாரும் முடிவுவரை படிப்பதில்லை என்பது எங்கள் எண்ணம்.

மையில் இன்னொரு விஷயம், பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அச்சு மெஜந்தாவில் பரவலாக இருக்கும் நிறமி, குறியீட்டில் ரெட் 57:1 எனப்படும் லித்தால் ரூபைன். விலைக்கு நல்ல பளிச்சென்ற நிறமி. காரத்துக்கு மட்டும் ஆகாது. சோப்பு அட்டைப்பெட்டி, சலவைத்தூள் பை ஆகியவற்றில் அடர் ரோஜா போடுவதானால் காரம் தாங்கும் மை என்று ஆர்டரிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் சரக்கு பட்ட இடமெல்லாம் நிறம் மாறித் திட்டுத்திட்டாகும். வெயிலுக்கும் அது சுமார்தான். வெளியில் ஒட்டிய பழைய சுவரொட்டிகள் நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் வெளிறிப்போய், சயானும் கறுப்பும் மட்டும் தாக்குப்பிடித்ததன் விளைவு அது. அடர் ரோஜாவின் உடம்பே மஞ்சளும் மெஜந்தாவும்தான் என்பதால் மற்ற நிறங்களைவிட அதற்கு அடி பலமாக விழும். வெளிப்புறப் பலகைக்கு இந்நிறம் வேண்டுமானால் வெயில் தாங்கும் குவினக்ரிடோன் வகை நிறமி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓவியர்களுக்கு இது புதிதல்ல. மஞ்சிட்டி இன வேர்களில் இருக்கும் அலிசரின் என்ற சாயப்பொருளை 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். அதிலிருந்து வந்த அலிசரின் கிரிம்சன், ரோஜாச் சிவப்புக்குப் பெயர்போன வண்ணமாக நெடுங்காலம் இருந்தது. மெல்லிய பூச்சில் அது வெளிச்சத்தில் நிற்காது என்பதும் தெரிந்ததே. 1958-இல் டுபான்ட் நிறுவனம் குவினக்ரிடோனைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்நிறத்துக்கு ஆயுள் கூடியது. டியூபின் பின்பக்கம் வயலட் 19 என்ற நிறமிக் குறியீடு இருந்தால் நம்பி வாங்கலாம். ரெட் 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின். பயிற்சித் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்கு வருவோம். இங்கே மை பரவுகிற தொல்லை இல்லை. படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. 194, 30, 86 மேல் வெள்ளை எழுத்துக்கு மாறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் தளத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 5.8-க்கு 1. வலை அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5; ஆகவே தேர்ச்சி. அதே தளத்தில் கறுப்பு எழுத்து வைத்தால் 3.6தான், பெரிய தலைப்புக்கு மட்டும் ஒப்பேறும். நடுத்தரச் சாம்பல் தளத்தில் ரோஜா எழுத்து 1.5-க்கும் கீழே, சுத்த நீலத் தளத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவே. நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து மிதப்பதுபோல் துடித்துக் கண்ணைக் கூசவைப்பதும் சேர்ந்துகொள்ளும். கைபேசியின் இருள் பயன்முறையில், 18, 18, 18 என்ற கருமை மேல் நம் ரோஜாவுக்குக் கிடைப்பது 3.2. பகல் பக்கத்துக்கு வைத்த அதே எண்ணை இரவுப் பக்கத்துக்கும் அப்படியே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இரவுக்கு 240, 96, 143 என்று தனியாக ஒன்றை வைத்தால் விகிதம் 6-ஐத் தொடும். குடும்பச் சாயலும் போகாது.

கறுப்புப் பத்திக்குள் இணைப்புச் சொற்களை ரோஜாவில் காட்டுவது இப்போது அதிகம். அடிக்கோடு இல்லாவிட்டால் இணைப்புக்கும் சுற்றியுள்ள எழுத்துக்கும் இடையே 3-க்கு 1 வேண்டும். சுத்தக் கறுப்போடு 3.6 வருகிறது, சரி. ஆனால் பெரும்பாலான தளங்கள் எழுத்துக்கு 33, 33, 33 போன்ற கருஞ்சாம்பலைத்தான் வைக்கின்றன, அதோடு 2.8தான் வரும். அடிக்கோடு போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அடிக்கோடு அசிங்கம் என்று சொல்லும் வடிவமைப்பாளர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நிறுவன நிறமே ரோஜா என்றால், படிவத்தில் பிழையைக் காட்டும் சிவப்பு எது? ‘பணம் செலுத்து’ பொத்தானும் ‘அழித்துவிடு’ பொத்தானும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் நின்றால் கை தடுமாறத்தான் செய்யும். பிழைக்கு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுங்கள். அதோடு ஒரு குறியும் ஒரு வரிச் சொல்லும் கட்டாயம் சேருங்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12-இல் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. அவர்களில் கண்ணில் நீண்ட அலைநீளத்தைக் காணும் கூம்புச் செல் வேலை செய்யாதவர்களுக்கு அடர் ரோஜா, கருத்த நீலச்சாம்பலாகத்தான் தெரியும். கறுப்புத் தளத்தில் ரோஜா எழுத்து அவர்கள் கண்ணுக்கு இல்லாமலே போகும். வரைபடத்தில் ரோஜாக் கோடும் கரும்பச்சைக் கோடும் அருகருகே வந்தால் ஒன்றைப் புள்ளிக்கோடாக்குங்கள், அல்லது கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிடுங்கள்.

படமாகச் சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம். அந்த வடிவம் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கிறது. சாம்பல் எழுத்தில் இது தெரியாது. செறிந்த சிவப்பில் எழுத்தின் ஓரம் நீரில் கரைந்ததுபோல் பிசிறடிக்கும். பிஎன்ஜி அல்லது எஸ்விஜி எடுங்கள். செய்திச் செயலிகள் படத்தை மறுபடி சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும் என்பதால், அங்கே பகிரப்போகிற அழைப்பிதழ், அறிவிப்பு ஆகியவற்றில் ரோஜாத் தளத்தின் மேல் சிற்றெழுத்தே வைக்காமல் இருப்பது நல்லது. இரவில் நீல ஒளியைக் குறைக்கும் வசதியைப் போட்டிருப்பவர் திரையில் நம் நிறம் எப்படியும் செங்கல்தான். அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

மென்சாயல் தேவைப்படும்போது வெளிச்சத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கிடைப்பது குழந்தைப் பொம்மையின் இளஞ்சிவப்பு. செறிவையும் கூடவே இறக்க வேண்டும். பின்னணிக்கு 250, 238, 242, அதன் மேல் எழுத்துக்கு 90, 10, 38 என்று வைத்துப் பாருங்கள். இரண்டும் ரோஜாவின் உறவுகள்தான். மாறுபாடு 12-க்கு மேல்.

சுவருக்கு இந்நிறம் பூசுவது பற்றித் தங்கள் பக்கம் ஒரே வரியில் கடந்துவிட்டது. அங்கேதான் பணமும் உழைப்பும் வீணாகின்றன. இந்த அடர்த்திக்கு டைட்டானியம் வெள்ளை மிகக் குறைவாக உள்ள டீப் பேஸ் என்ற அடிப் பெயின்டில்தான் கலவை செய்ய முடியும். மறைக்கும் சக்தி அந்த வெள்ளையில்தான் இருக்கிறது என்பதால், வெள்ளைச் சுவரின் மேல் நேரடியாக இரண்டு கோட் அடித்தால் ரோலர் போன தடமெல்லாம் வரிவரியாகத் தெரியும். நாலு கோட் அடித்தும் திருப்தி வராது. முதலில் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட், அதன் மேல் இரண்டு, தேவைப்பட்டால் மூன்று. புதிதாகப் பூசிய சிமென்ட், சுண்ணாம்புச் சுவரில் காரம் தணியும் முன் அடித்தால் சோப்புப் பெட்டிக்கு வந்த அதே வினை சுவருக்கும் வரும். முழு மேட் பூச்சில் கை பட்ட, நாற்காலி உரசிய இடங்கள் பளபளவென்று திட்டு விழும். நடமாட்டம் உள்ள சுவருக்கு லேசான மினுமினுப்புள்ள பூச்சே ஏற்றது. நிறம் அதிகமாகத் தெரிகிறதே என்று வெள்ளையைக் கலந்து தணிக்கப் பார்க்காதீர்கள். ரோஜா நிறமிகள் வெள்ளையோடு சேர்ந்தால் குளிர்ந்துபோய் ராணியின் வெளிறிய சாயலுக்கு இறங்கிவிடும். தணிக்கத் துளி பச்சையோ சாம்பலோ போதும்.

அட்டையில் உள்ள சிறு சதுரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் சுவர் முழுக்க வரும்போது நிறம் கத்தும். பரப்பு பெருகப் பெருகச் செறிவு கூடினதுபோல் தெரிவதால் ஒரு படி மங்கலானதையே தேர்ந்தெடுப்பது வழக்கம். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்து வைத்துக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். விழும் ஒளியில் 13 சதவீதம் அளவே திருப்பி அனுப்பும் நிறம் இது. நான்கு சுவரும் அடித்தால் அறைக்கு விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கும். திருப்பி அனுப்பும் அந்தச் சிறிதளவும் சிவப்பு என்பதால் எதிர்ச்சுவர், கூரை, உட்கார்ந்திருப்பவர் முகம் எல்லாம் சிவக்கும். ஒரு சுவரோடு நிறுத்துங்கள், அதுவும் கண்ணாடிக்கு எதிர்ச்சுவராக இல்லாமல்.

விளக்கு வாங்கும்போது நிறம் காட்டும் திறன் 80, 90 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. செறிந்த சிவப்புக்கான ஒன்பதாவது மாதிரி அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. எல்இடி விளக்கின் விவரத்தாளில் ஆர் 9 என்ற எண்ணைத் தேடுங்கள். 50-க்குக் கீழே என்றால் ரோஜா பழுப்பாகத் தெரியும். 80-க்கு மேல் கிடைத்தால் நல்லது. 2700 கெல்வின் விளக்கு நிறத்தைச் செங்கல் பக்கம் இழுக்கும், 6500 ஊதாப் பக்கம் இழுக்கும். 3500-இலிருந்து 4000 வரை நடுநிலை. மங்கிய ஒளியில் எந்த விளக்கும் உதவாது. அந்தி சாயும்போது சிவப்புப் பூ முதலில் கறுத்துப்போவதையும் இலை மட்டும் இன்னும் தெளிவாக இருப்பதையும் 1819-இல் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே. அவசர வழிப் பலகைக்கும் இரவில் படிக்க வேண்டிய கதவு எண்ணுக்கும் இந்நிறத்தை வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. அடர் ரோஜாவில் சாயம் அதிகம் ஏற்றப்பட்டிருக்கும் என்பதால் ஒட்டாத மிச்சம் முதல் சலவைகளில் கழன்று வரும். வெள்ளைக் கரையோ வெள்ளைப் பூவேலையோ சேர்ந்த வடிவமென்றால், தைப்பதற்கு முன்பே ஈரத் தேய்ப்புச் சோதனையின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். 5 உச்சம். உலர் தேய்ப்பில் 4 வாங்கிய துணி ஈரத்தில் 2-க்கு இறங்குவது சாதாரணம். 3-க்குக் குறைந்தால் வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

பக்கத்தில் எந்த நிறம் வைக்கிறோம் என்பதும் ரோஜாவை நகர்த்தும். ஆரஞ்சு பக்கத்தில் இருந்தால் ரோஜா ஊதாவாகத் தெரியும். ஊதா பக்கத்தில் இருந்தால் சிவப்பாகத் தெரியும். சாயப்பட்டறையில் வேலை செய்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-இலேயே விளக்கிய விஷயம் இது. எங்கள் கையில் நன்றாக நின்றவை யானைத்தந்த வெள்ளை, வெதுவெதுப்பான சாம்பல், ஆலிவ் பச்சை, கருநீலம். சுத்தச் சிவப்பை அருகில் வைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. இரண்டில் ஒன்று அச்சுப்பிழை போலத் தோன்றும். அளவைப் பொறுத்தவரை முதன்மை நிறம் 60, துணை நிறம் 30, பொட்டு நிறம் 10 சதவீதம் என்ற பங்கீட்டை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். இந்நிறத்துக்கு அந்த நடுப் பங்கு ஒத்துவருவதில்லை. பத்தில் ஒரு பங்காகப் பொட்டுப்போல வையுங்கள், அல்லது அட்டை முழுவதும் கரையில்லாமல் நிரப்பிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு ரோஜா, மீதி வெள்ளை என்ற பக்கம் எப்போதும் தள்ளுபடி விற்பனைத் துண்டறிக்கையை நினைவூட்டுகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கி, இரண்டு கட்டங்களை அருகருகே அச்சிட முடியுமா? ஒன்றில் மெஜந்தா 85, மஞ்சள் 56, கறுப்பு 24. மற்றதில் மெஜந்தா 100, மஞ்சள் 25, கறுப்பு 10. இரண்டிலும் ‘மலர்’ என்ற சொல்லை 9 புள்ளியிலும் 12 புள்ளியிலும் வெள்ளையாக வையுங்கள். புள்ளி எதில் பிழைத்தது, எதில் போனது என்று வாசகர்கள் பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் விளக்கடியில் ஒரு முறையும் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அச்சு, திரை வடிவமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்